காளான் மாத்திரையும் குடல் பவுடரும்: விற்பவர் சொல்வது என்ன, ஆராய்ச்சி சொல்வது என்ன?



இந்த மாதப் பாடம் உடல்நலம் பற்றியது. கடன் பற்றியதும்தான். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்பது படிக்கப் படிக்கப் புரியும்.

குழுக் கூட்டங்களுக்குப் போகும் இடத்தில் எல்லாம் ஒரே மாதிரியான கேள்வி எங்களிடம் வருகிறது. "காளான் மாத்திரை சாப்பிட்டா சுகர் அடியோட போயிடுமாமே, உண்மைதானுங்களா?" "குடலைச் சுத்தம் பண்ற பவுடர்னு ஒருத்தங்க கொண்டு வந்தாங்க, டப்பா ரெண்டாயிரம் ரூபா. வாங்கலாமா?" கொண்டு வருபவர் வெளியாள் கிடையாது. பக்கத்துத் தெரு அக்காவாகவோ, நம் குழு உறுப்பினரின் நாத்தனாராகவோ இருப்பார். அதனால் மறுத்துப் பேசவும் கூச்சமாக இருக்கிறது.

மருந்து, மாத்திரை பற்றி நாங்கள் மருத்துவர் போலப் பேச முடியாது. ஆனால் காளானைப் பற்றியும் குடலைப் பற்றியும் ஆராய்ச்சியில் தெளிவாகத் தெரிந்த செய்திகள் நிறைய உள்ளன. அவற்றைத் தெரிந்து வைத்துக்கொண்டால் யார் வந்து என்ன சொன்னாலும் நாமே எடைபோட்டுப் பார்க்கலாம்.

காளானில் அப்படி என்ன இருக்கிறது?

காளான் செடி இனம் கிடையாது. பூஞ்சை இனம். இட்லி மாவில் இருக்கும் ஈஸ்ட்டுக்கும், ஈர ரொட்டியில் பிடிக்கும் பூசணத்துக்கும் சொந்தக்காரன். நம் கூட்டமைப்பில் சிப்பிக் காளான் போடும் குழுக்களுக்கு இது தெரிந்த விஷயம். வைக்கோல் படுக்கைக்குள் வெள்ளையாகப் பரவுகிறதே, அந்த வேர்ப்படலம்தான் காளானின் உண்மையான உடம்பு. நாம் பறித்து விற்பது அதன் காய் மாதிரி.

காளானின் செல் சுவரில் பீட்டா குளுக்கான் என்று ஒரு நார்ப்பொருள் இருக்கிறது. கைட்டின் என்று இன்னொன்றும் இருக்கிறது. நண்டு, இறால் ஓட்டில் இருப்பதும் இந்தக் கைட்டின்தான். காளானைப் பச்சையாகத் தின்றால் சரியாகச் செரிக்காமல் போக இதுவும் ஒரு காரணம். நன்றாக வேகவைத்தே சாப்பிட வேண்டும்.

பீட்டா குளுக்கான்தான் இந்த வியாபாரத்தின் கதாநாயகன். நம் உடம்பின் எதிர்ப்பு சக்தி செல்களுக்கு இந்தப் பொருளை அடையாளம் கண்டுகொள்ளும் தன்மை உண்டு. பூஞ்சைக் கிருமி உள்ளே வந்தால் 'எதிரி வந்துவிட்டான்' என்று தெரிந்துகொள்ள இயற்கை செய்த ஏற்பாடு அது. ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குழாயில் உள்ள செல்கள் மீது காளான் சாற்றை விட்டால் அவை சுறுசுறுப்படைவதைப் பார்க்க முடிகிறது. இது உண்மை. நோட்டீஸில் போடுகிற 'ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது' என்ற வரி பெரும்பாலும் இந்த இடத்தில் இருந்துதான் வருகிறது.

பூஞ்சை இனத்தில் இருந்து மருந்து கிடைக்கவே கிடைக்காது என்றும் சொல்லக் கூடாது. 1928இல் அலெக்சாண்டர் ஃப்ளெமிங் பென்சிலினைக் கண்டது ஒரு பூஞ்சையில்தான். கொழுப்பைக் குறைக்கும் லோவாஸ்டாட்டின் மாத்திரையும் பூஞ்சையில் இருந்து எடுக்கப்பட்டு 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஜப்பானில் ஷிடாகே என்ற காளானில் இருந்து 1969இல் லென்டினான் என்ற பொருளைப் பிரித்து எடுத்தார்கள். பதினாறு ஆண்டுகள் கழித்து 1985இல்தான், வயிற்றுப் புற்றுநோய்க்கான மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்க அந்நாட்டில் அனுமதித்தார்கள். அதுவும் ஊசி மூலம், மருத்துவமனையில், அளவு பார்த்து. காபித்தூளில் கலந்து கொடுக்கவில்லை.

குழாயில் இருந்து உடம்புக்கு எத்தனை படி?

ஒரு பொருள் மருந்தாக வேண்டுமானால் பல படிகள் ஏற வேண்டும். முதல் படி குழாயில் உள்ள செல். அடுத்து எலி. அடுத்து கொஞ்சம் மனிதர்கள். கடைசியில் நிறைய மனிதர்கள், இரண்டு பிரிவாக. நோட்டீஸ் அடிப்பவர்கள் முதல் படியில் நின்றுகொண்டு கடைசிப் படியில் நிற்பது போலப் பேசுகிறார்கள்.

கடைசிப் படி எப்படி நடக்கும் என்பதை நம் குழுவை வைத்தே சொல்லிப் பார்ப்போம். ஒரு குழுவில் 20 பேர், எல்லோருக்கும் மூட்டுவலி என்று வையுங்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டு பத்துப் பத்துப் பேராகப் பிரிக்கிறோம். ஒரு பத்துப் பேருக்குக் காளான் மாத்திரை. இன்னொரு பத்துப் பேருக்குப் பார்க்க அச்சு அசலாக அதே போல இருக்கும் மாத்திரை, உள்ளே வெறும் அரிசி மாவு. யாருக்கு எது என்பது சாப்பிடுபவருக்கும் தெரியாது, கையில் கொடுக்கிற ஊக்குநருக்கும் தெரியாது. கணக்கு மட்டும் கூட்டமைப்பின் பூட்டிய பீரோவில். நாலு மாதம் கழித்துக் கேட்டால் காளான் பிரிவில் ஆறு பேர், "வலி குறைஞ்சிருக்குங்க" என்கிறார்கள். ஆகா என்று தோன்றும். ஆனால் மாவு சாப்பிட்ட பிரிவிலும் ஆறு பேர் அதையே சொன்னால்?

நடக்கக் கூடியதுதான். வலி தானாகவே ஏறும், இறங்கும். மாத்திரை சாப்பிடுகிறோம் என்ற நம்பிக்கையிலேயே பாதி வலி குறையும். மாத்திரை வாங்கியதில் இருந்து டீக்குச் சர்க்கரையைக் குறைத்திருப்பார்கள், கொஞ்சம் நடந்திருப்பார்கள். இதையெல்லாம் கழித்துவிட்டு மிச்சம் என்ன நிற்கிறது என்று பார்க்கத்தான் மாவு மாத்திரை. "எனக்கு நல்லாச்சு அக்கா, ஆறு மாசமா சாப்பிடுறேன்" என்று ஒருவர் சொல்வது பொய் என்று நாம் சொல்லவில்லை. அவருக்கு நல்லானது எதனால் என்று அவராலேயே சொல்ல முடியாது என்கிறோம்.

மனிதர்களிடம் சோதித்தபோது

நம் பகுதியில் அதிகம் விற்பது கானோடெர்மா. ரீஷி, லிங்ஷி என்றும் சொல்வார்கள். மரத்தில் சிவப்பாக, வார்னிஷ் அடித்தது போல் வளரும் காளான். சீனாவில் நெடுங்காலமாகப் பயன்பாட்டில் இருப்பது. சர்க்கரை நோய்க்குக் கொடுப்பதும் இதைத்தான்.

இதை ஆஸ்திரேலியாவில் சோதித்தார்கள். 2016இல் முடிவு வெளியானது. சர்க்கரை நோய் உள்ள 84 பேர். மேலே சொன்னது போலத்தான், யாருக்கு எது என்று தெரியாமல், நாளைக்கு 3 கிராம் வீதம் 16 வாரம். மூன்று மாதச் சராசரி சர்க்கரையைப் பார்த்தார்கள், வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் பார்த்தார்கள். காளான் சாப்பிட்டவர்களுக்கும் வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு, காக்ரேன் என்ற அமைப்பு இது போன்ற 5 சோதனைகளை, மொத்தம் 398 பேருடையதை, சேர்த்து வைத்துப் பார்த்தது. சர்க்கரை நோயாளிகளுக்கு இதயநோய் ஆபத்தைக் குறைக்க கானோடெர்மாவைப் பயன்படுத்த ஆதாரம் இல்லை என்றே சொன்னது. காக்ரேன் எந்த மருந்துக் கம்பெனியிடமும் பணம் வாங்காமல் ஆய்வுகளை அலசும் அமைப்பு என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள். புற்றுநோயைப் பொறுத்தவரை, முதல் சிகிச்சையாக இதைக் கொடுக்க ஆதாரம் போதாது என்பது அதே அமைப்பின் முடிவு. வழக்கமான சிகிச்சையோடு துணையாகக் கொடுக்கலாமா என்பதை மருத்துவர் யோசிக்கலாம் என்ற அளவில் நிறுத்திக்கொண்டது.

ஞாபக சக்திக்கு என்று விற்கும் லயன்ஸ் மேன் காளானின் கதை கொஞ்சம் வேறு. சிங்கத்தின் பிடரி போலத் தொங்கும் காளான் அது. ஜப்பானில் லேசான ஞாபகமறதி உள்ள, 50 முதல் 80 வயதுக்குட்பட்ட 30 பேரிடம் சோதித்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். 16 வாரம் சாப்பிட்டவர்கள் ஞாபகத் தேர்வில் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். நல்ல செய்தி. ஆனால் நிறுத்தி நாலு வாரத்தில் மதிப்பெண் இறங்கிவிட்டது. அவர்கள் சாப்பிட்டது நாளைக்கு மூன்று வேளை, வேளைக்கு நாலு மாத்திரை, ஆக 12 மாத்திரை. நமக்கு விற்பவர் காலையில் ஒன்று போதும் என்கிறார். தவிர 30 பேர் என்பது நம் இரண்டு குழு அளவுகூட இல்லை. அதை வைத்துக்கொண்டு பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பில் மார்க் வரும் என்று சொல்வதை என்னவென்று சொல்ல?

இன்னொரு விஷயம், காளான் போடுகிற உறுப்பினர்களுக்குச் சட்டென்று புரியும். நாம் வாங்கும் வித்துப் புட்டியில் என்ன இருக்கும்? வேகவைத்த சோளத்தில் பரவிய வேர்ப்படலம். விற்பனைக்கு வரும் காளான் பவுடர்களில் சில, காளானே கிடையாது. தானியத்தில் வளர்ந்த வேர்ப்படலத்தை அந்தத் தானியத்தோடு சேர்த்து அரைத்த மாவு. அதாவது நம் வித்துப் புட்டியை அப்படியே காயவைத்து அரைத்தது மாதிரி. அதில் காளான் எவ்வளவு, சோள மாவு எவ்வளவு என்று டப்பாவைப் பார்த்துச் சொல்ல முடியாது.

"சைடு எஃபெக்ட் கிடையாது, இயற்கைதானே" என்பது அடுத்த பேச்சு. அரளிக்கொட்டையும் இயற்கைதான். கானோடெர்மா பவுடர் சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் கெட்டுப்போன சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகி உள்ளன. ரத்தம் உறையும் தன்மையையும் அது பாதிக்கக்கூடும். இதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும், ஆபரேஷனுக்கு நாள் குறித்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். ஜப்பானில் 72 வயதுப் பெண் ஒருவருக்குச் சாகா என்ற காளான் பொடியைப் பல மாதம் சாப்பிட்டதில் சிறுநீரகம் பழுதானது 2014இல் பதிவாகி இருக்கிறது. அதில் உள்ள ஆக்ஸலேட் உப்பு அதிகமாகச் சேர்ந்ததுதான் காரணம்.

நம் பகுதியில் நடந்தது

பெயரும் ஊரும் வேண்டாம். எட்டு வருடமாகச் சர்க்கரை உள்ள ஓர் உறுப்பினர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கொடுக்கும் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு வந்தவர். மருத்துவச் செலவு என்று சொல்லி குழுவில் 6,000 ரூபாய் உள்கடன் கேட்டார். குழுவும் தீர்மானம் போட்டுக் கொடுத்தது. அந்தப் பணத்தில் காளான் மாத்திரை வாங்கினார். "இதைச் சாப்பிடும்போது இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்தினாத்தான் வேலை செய்யும்" என்று விற்றவர் சொன்னதை நம்பி நிறுத்தியும் விட்டார். முதல் மாதம் நன்றாக இருப்பதாகவே சொன்னார். சர்க்கரை ஏறுவது வலிக்காது அல்லவா? மூன்றாம் மாதம் காலில் செருப்பு கடித்த புண் ஆறவில்லை. மாவட்ட மருத்துவமனையில் ஒரு விரலை எடுக்க வேண்டி வந்தது. இப்போது இன்சுலின் போட்டுக்கொள்கிறார். கடன் தவணை இன்னும் நிற்கிறது. விற்றவர் என்ன ஆனார் என்றால், அவரும் பாவம், வேறொரு குழுவில் கடன் வாங்கி 'முதலீடு' போட்டுச் சரக்கு எடுத்த ஒரு பெண்தான். பாதிச் சரக்கு இன்னும் அவர் வீட்டுப் பரணில் கிடக்கிறது.

காளான் மாத்திரை நேரடியாக அந்த விரலைக் கெடுக்கவில்லை. நிறுத்திய மாத்திரைதான் கெடுத்தது. பாடத்தில் மற்றதெல்லாம் மறந்து போனாலும் இதை மறக்கக் கூடாது: சர்க்கரை, பிரஷர், காசநோய், வலிப்பு, தைராய்டு மாத்திரைகளை வேறு யார் சொல்லியும் நிறுத்தக் கூடாது. கொடுத்த மருத்துவர் மட்டுமே நிறுத்தலாம்.

குடலுக்குள் ஒரு ஊர்

இப்போது குடல் பவுடருக்கு வருவோம். நம் உடம்பில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் சுமார் 38 லட்சம் கோடி என்று 2016இல் ஒரு கணக்கு வெளிவந்தது. நம் சொந்த செல்களே சுமார் 30 லட்சம் கோடிதான்! ஆனால் அவை அவ்வளவு சின்னவை. எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தால் 200 கிராம்தான் வரும். அவற்றில் பெரும்பாலானவை ஐந்தடி நீளமுள்ள பெருங்குடலில் வசிக்கின்றன.

அவை அங்கே என்ன செய்கின்றன? நாம் சாப்பிடுவதில் சோறு, புரதம், எண்ணெய் எல்லாம் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். நார்ச்சத்தை மட்டும் நம்மால் செரிக்க முடியாது. அது பெருங்குடலுக்குப் போகிறது. அதுதான் பாக்டீரியாக்களின் சாப்பாடு. அவை அதைப் புளிக்கவைத்து பியூட்ரேட் போன்ற சில அமிலங்களை வெளியிடுகின்றன. பெருங்குடல் சுவரின் செல்கள் தமக்கு வேண்டிய சக்தியின் பெரும்பகுதியை இந்த பியூட்ரேட்டில் இருந்துதான் எடுத்துக்கொள்கின்றன. அந்த ஊருக்கு நாம் நார்ச்சத்து அனுப்புகிறோம், அது நமக்குக் கூலி கொடுக்கிறது.

அதனால் 'குடலைச் சுத்தம் செய்வது' என்ற பேச்சே சரியில்லை. குடல் அழுக்குப் பிடித்த குழாய் கிடையாது. அப்படிப்பட்ட பவுடர் சிலவற்றில் சோனமுகி எனப்படும் நிலாவரை இலை இருக்கும். அது பேதி மருந்து. நாலு தடவை வெளியே போனதும் 'ஆகா வேலை செய்யுது' என்று தோன்றும், அவ்வளவுதான்.

டப்பாக்களில் இரண்டு பெயர் பார்ப்பீர்கள். ப்ரோபயாட்டிக் என்றால் உயிருள்ள நல்ல பாக்டீரியா. ப்ரீபயாட்டிக் என்றால் அவற்றுக்கான தீனி, அதாவது நார்ப்பொருள். இந்த எண்ணம் புதியது கிடையாது. பாரீஸ் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்த மெட்ச்னிகாஃப் என்ற விஞ்ஞானி, 1908இல் நோபல் பரிசு வாங்கியவர், புளித்த பால் சாப்பிட்டால் ஆயுள் கூடும் என்று அந்தக் காலத்திலேயே எழுதினார். நம் பாட்டிமார் அதற்கும் முன்பே மோர் கொடுத்தார்கள்.

ப்ரோபயாட்டிக் உயிர் காக்கவும் முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. ஒடிசா மாநிலக் கிராமங்களில் பிறந்த 4,556 பச்சிளங் குழந்தைகளிடம் ஒரு சோதனை நடத்தி 2017இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பாதிக் குழந்தைகளுக்கு, தாய்ப்பாலோடு, குறிப்பிட்ட ஒரு பாக்டீரியாவையும் அதற்கான தீனியையும் ஏழு நாள் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு வெறும் பொடி. ரத்தத்தில் கிருமித் தொற்றோ மரணமோ ஏற்பட்டது வெறும் பொடி பிரிவில் 100க்கு 9, பாக்டீரியா பிரிவில் 100க்கு 5.4. கிட்டத்தட்ட 40 சதவீதம் குறைவு! படிக்கும்போது எங்களுக்கே மெய்சிலிர்த்தது. ஆனால் இதில் உள்ள விவரத்தைக் கவனியுங்கள். ஒரே வகைப் பாக்டீரியா, தேர்ந்தெடுத்த குழந்தைகள், அளந்த மருந்து, ஏழே நாள், கண்காணிப்பு. கடையில் வாங்கிய ஏதோ ஒரு பொடியை வீட்டில் உள்ள குழந்தைக்குக் கொடுப்பதற்கு இது ஆதாரம் ஆகாது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்பதில் எந்த மாற்றமும் இல்லை. மருத்துவர் எழுதித் தந்தால் மட்டும் மருந்து.

பெரியவர்களைப் பொறுத்தவரை, ஆன்டிபயாட்டிக் மாத்திரையால் வரும் வயிற்றுப்போக்கைக் குறைக்கச் சில வகை ப்ரோபயாட்டிக் உதவுகிறது. மற்றபடி பெரும்பாலான வயிற்று நோய்களுக்குப் பரிந்துரைக்க ஆதாரம் போதவில்லை என்று 2020இல் அமெரிக்கக் குடல்நோய் மருத்துவர் சங்கமே சொல்லிவிட்டது.

நம் அடுப்படியில் இருப்பது

பெரியவர் ஒருவருக்கு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட பட்டியலைப் பார்த்தால், 100 கிராம் வெள்ளை அரிசியில் 3 கிராமுக்கும் குறைவு. அதே எடைக் கேழ்வரகிலும் கம்பிலும் ஏறத்தாழ 11 கிராம். முழுக் கொண்டைக்கடலையில் 25 கிராம். மூன்று வேளையும் ரேஷன் அரிசிச் சோறும் இட்லியும் என்று இருக்கிற வீட்டில் பாக்டீரியாக்கள் பட்டினிதான். ஒரு வேளை கூழோ கம்பஞ்சோறோ, வாரத்தில் நாலு நாள் சுண்டல், கீரை, வாழைத்தண்டு, ஒரு கொய்யாப்பழம், கொஞ்சம் தாராளமாகச் சின்ன வெங்காயம் என்று மாற்றினால் அதற்கு மேல் ப்ரீபயாட்டிக் டப்பா எதற்கு? ஒரேயடியாகக் கூட்டினால் வாயு பிடிக்கும். இரண்டு வாரத்தில் மெதுவாகக் கூட்டுங்கள், தண்ணீரும் கூடக் குடியுங்கள். மலச்சிக்கல் தீராதவர்களுக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் இசப்கோல் உமிக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது, விலையும் குறைவு. நிறையத் தண்ணீரோடு சாப்பிட வேண்டும்.

தயிரிலும் மோரிலும் உயிருள்ள பாக்டீரியா உண்டு. இட்லி மாவிலும் உண்டு, ஆனால் ஆவியில் வேகும்போது செத்துவிடும். இட்லி எளிதில் செரிக்கும் நல்ல உணவுதான், ப்ரோபயாட்டிக் என்று சொல்ல முடியாது.

பழைய சோற்றைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். சோறு ஆறும்போது அதில் உள்ள மாவின் ஒரு பகுதி இறுகி, சிறுகுடலில் செரிக்காத வகையாக மாறுகிறது. அது நார்ச்சத்து மாதிரி பெருங்குடலுக்குப் போகும். இரவு தண்ணீரில் கிடக்கும்போது தயிரில் இருப்பது போன்ற பாக்டீரியாக்களும் வளரும். இதுவரை சரி. 'ஒரே இரவில் இரும்புச்சத்து இருபது மடங்கு கூடும்' என்று செல்போனில் சுற்றுகிற செய்தியை மட்டும் நம்ப வேண்டாம். இரும்பு ஒரு தாது. பாக்டீரியாவால் அதை உண்டாக்க முடியாது. அரிசியில் இருக்கிற கொஞ்சம் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்வது புளிக்கவைப்பதால் சுலபமாகலாம். அளவு கூடாது. கூடினால் அது இரும்புப் பாத்திரத்தில் இருந்து வந்திருக்கும்! ரத்தசோகைக்கு நர்ஸம்மா கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைப் பழைய சோற்றை நம்பி விட்டுவிடாதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பழைய சோறும் சோறுதான், அளவு முக்கியம். கோடையில் கொழகொழப்போ கெட்ட வாடையோ வந்தால் கொட்டிவிடுங்கள்.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்த எண் இருந்தால் தயாரிப்பவர் உரிமம் பெற்றவர் என்று பொருள். பொருள் நோயைக் குணமாக்கும் என்று அரசு சான்று கொடுத்ததாகப் பொருள் கிடையாது. இப்படிப்பட்ட சத்துப் பொருள்களின் டப்பாவில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற வாசகத்தை ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்பது விதி. டப்பா ஒன்று சொல்கிறது, விற்பவர் வாய் வேறு சொல்கிறது! பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

சர்க்கரை நோயையும் புற்றுநோயையும் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆள் சேர்த்தால் பணம் என்ற முறையை நேரடி விற்பனைக்கான 2021ஆம் ஆண்டு விதிகள் தடை செய்துள்ளன. வீட்டுக்கு வருகிற விற்பனையாளர் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, அடையாள அட்டையோடுதான் வர வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. புகார் சொல்ல நுகர்வோர் உதவி எண் 1915. பில் வாங்கி வைத்திருந்தால்தான் புகார் நிற்கும்.

குழுக்களுக்கு எங்கள் கோரிக்கை ஒன்று. 'மருத்துவச் செலவு' என்று உள்கடன் கேட்டால் மருத்துவமனைச் சீட்டைப் பார்த்துக் கொடுங்கள். 'தொழில்' என்று கேட்டு இந்தச் சரக்கு எடுப்பதாக இருந்தால், சரக்கு விற்றதில் வருமானமா, ஆள் சேர்த்ததில் வருமானமா என்று கேட்டுத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். கேட்பது அவமானப்படுத்துவதற்கு இல்லை. அது எல்லோருடைய சேமிப்பு.

நம் காளான் பாக்கெட்டில் என்ன எழுதலாம்?

சென்ற மாதம் ஒரு குழுவினர் தங்கள் காளான் பொடி பாக்கெட்டில் 'சர்க்கரை, கேன்சர் குணமாகும்' என்று அச்சடிக்கலாமா என்று கேட்டார்கள். கூடாது. மேலே சொன்ன சட்டம் நமக்கும் சேர்த்துத்தான். 'மட்டனுக்கு நிகரான புரதம்' என்றும் வேண்டாம். 100 கிராம் பச்சைக் காளானில் 90 கிராம் போலத் தண்ணீர், புரதம் சுமார் 3 கிராம். ஒரு முட்டையிலேயே 6 கிராம் இருக்கிறது.

உண்மையைச் சொல்லியே விற்கலாம். கொழுப்பு மிகக் குறைவு, நார்ச்சத்து உண்டு, பி வகை வைட்டமின்கள் உண்டு. கூடவே செலவில்லாத ஒரு வேலை செய்யலாம். காளானில் உள்ள ஒரு பொருள் வெயில் பட்டால் வைட்டமின் டி ஆக மாறும். பறித்த காளானைக் கீறி, மதிய வெயிலில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் பரப்பி வைத்தால் போதும். காயவைத்த பிறகும் அந்தச் சத்தில் கணிசமான பங்கு நிற்கும். கறவை மாடும் கடலும் இல்லாத ஊரில் இது லேசான விஷயமா? ஆனால் எவ்வளவு இருக்கிறது என்று பரிசோதனைச் சாலையில் அளந்து பார்க்காமல் பாக்கெட்டில் எண் போடக் கூடாது. அறுவடை நேரத்தில் சிப்பிக் காளானின் வித்துத்தூள் பறந்து இருமலும் மூச்சுத்திணறலும் வருவது உண்டு. முகத்தில் துணி கட்டிக்கொண்டு, குடை நன்றாக விரிந்து தூள் கொட்டுவதற்கு முன்பே பறித்துவிடுங்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு அவரவர் வீட்டில் இருக்கும் சத்துப் பவுடர், காளான் மாத்திரை, குடல் பவுடர் டப்பாக்களை எடுத்து வாருங்கள். காலி டப்பாவாக இருந்தாலும் பரவாயில்லை. வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசிப்போம். விலை என்ன, உள்ளே என்ன, எத்தனை கிராம், விற்றவர் சொன்னது என்ன, டப்பா சொல்வது என்ன என்று பிரதிநிதி நோட்டில் எழுதட்டும். இப்போது சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் டப்பாவை ஒளித்து வைக்க வேண்டாம். அடுத்த முறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது பையில் போட்டு எடுத்துச் சென்று, "இதையும் சாப்பிடுறேன் டாக்டர்" என்று காட்டிவிடுங்கள்.